சுவந்தோவின் வசந்த இதழ்

ஓஸ்மோ என் கோப்பையில் காபி ஊற்றினான். எங்கள் பீடத்தில் யாரும் இன்னொருவர் கோப்பையில் ஊற்றுவதில்லை. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வெளியே பனி உருகிக்கொண்டிருந்தது.

“என்ன வேணும்?” என்றேன்.

“ஒண்ணும் வேணாம். காபி ஊத்தினேன்.”

“அதான் கேக்கறேன்.”

அவன் சிரித்தான். மாணவர்களாக இருந்த காலத்தில் ஒரே படகில் வலை இழுத்து மீன் எண்ணியவர்கள் நாங்கள். இப்போது அவன் பீடத்தின் டீன். நான் பாடம் நடத்துகிறேன், அத்தோடு சுவந்தோவுக்கு ஆசிரியராக இருக்கிறேன். சுவந்தோ எங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்விதழ். ஏரி, ஆறு, மீன் பற்றியது. வசந்தத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று.

முதலில் அதை ஒரு சங்கம் நடத்தியது. கூட்டத்துக்கு வருகிறவர்களைவிட மிஞ்சுகிற பன்கள் அதிகமானபோது பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது. அச்சுச் செலவும் துணை ஆசிரியர் ஹெய்னியின் சம்பளமும் பீடத்திலிருந்து வரும். எனக்குச் சம்பளம் கிடையாது. வகுப்புகளைக் கொஞ்சம் குறைத்துக் கொடுப்பார்கள். சொந்தக்காரர் பல்கலைக்கழகம், உள்ளே என்ன வர வேண்டும் என்பது ஆசிரியர் பாடு. கைமாறியபோது அப்படித்தான் முடிவானது. இத்தனை வருடத்தில் அதைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் வேலை வரவில்லை. பெரும்பாலும் பாசியைப் பற்றித்தான் போட்டோம்.

“வசந்த இதழ்ல வில்யாவோட கட்டுரை வருதாமே,” என்றான் ஓஸ்மோ.

“வருது.”

“இலையுதிர் இதழ்ல வந்தா என்ன?”

“வசந்த இதழ்ல வந்தா என்ன?”

“ஹில்க்கா, நான் டீனா கேக்கல.”

“பின்ன யாரா கேக்கற?”

“ஓஸ்மோவா.”

“ஓஸ்மோவுக்கு நான் முடியாதுன்னு சொன்னா டீனுக்குக் கோபம் வராதே?”

அவன் குடுவையை வைத்துவிட்டு நகர்ந்தான். என் கோப்பை விளிம்புவரை நிறைந்திருந்தது. சிந்தாமல் அறைக்குக் கொண்டுபோவதே பெரும்பாடாக இருந்தது.

வில்யா எங்கள் பீடத்திலேயே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிற பெண். லெப்பா ஆற்றின் அணையில் மீன்கள் ஏறிப்போக ஒரு மீன் ஏணி இருக்கிறது. சிமெண்ட் தொட்டிகள், படிக்கட்டுபோல் ஒன்றுக்கு மேல் ஒன்று. அதை வடிவமைத்தது எங்கள் பீடம். அதாவது ஓஸ்மோ. பணம் போட்டது மின் நிறுவனம். திறந்த அன்று கேக் வெட்டினோம். கேக்கின் மேல் சர்க்கரையில் செய்த டிரவுட் மீன் இருந்தது. வில்யா இரண்டு கோடைகாலம் நிஜ டிரவுட்டுகளின் உடம்பில் சின்ன மின்னணுச் சில்லுகளை வைத்து, அவை எங்கே போகின்றன என்று பார்த்தாள். மீன்கள் ஏணிக்குள் வருகின்றன. ஐந்தாவது தொட்டிவரை ஏறுகின்றன. அங்கே சுற்றுகின்றன. திரும்பிப் போய்விடுகின்றன. கட்டுரையில் இருந்தது அவ்வளவுதான். நார்வேயில் ஒருவரும் ஸ்காட்லாந்தில் ஒருவரும் படித்துவிட்டுச் சரி என்றார்கள்.

மின் நிறுவனம் ஜூனில் எங்கள் பீடத்தில் ஒரு பேராசிரியர் இருக்கைக்குப் பணம் தர ஒப்பந்தம் போடுகிறது. அது ஓஸ்மோவின் கவலை. என் கவலை மே மாதம். ஆற்றின் மேல்பகுதியில் இன்னொரு அணையில் இதே வடிவத்தில் இன்னொரு ஏணி கட்ட அனுமதி கேட்டிருக்கிறார்கள். மே மாதம் பொது விசாரணை. கட்டுரை வசந்தத்தில் வந்தால் அங்கே யாராவது அதை மேசைமேல் வைக்கலாம். இலையுதிர் காலத்தில் வந்தால், சிமெண்ட் காய்ந்திருக்கும்.

கூட்டத்துக்கான அழைப்பு மறுநாள் வந்தது. ஹெய்னி தன் கணினியில் அதைத் திறந்து வாசித்தாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன். வெளியீட்டுக் குழுக் கூட்டம். ஆறாவது பொருள்: சுவந்தோ இதழை ஜனவரி முதல் பல்கலைக்கழகத்தின் தகவல் தொடர்புத் துறைக்கு மாற்றுவது. இதழின் ஆசிரியரை அந்தத் துறையின் இயக்குநர் நியமிப்பார். துணை ஆசிரியர் பணியிடம் மறுபரிசீலனை செய்யப்படும். முன்மொழிபவர்: தலைவர். தலைவர் என்றால் ஓஸ்மோ.

“மறுபரிசீலனைன்னா நான்தானே?” என்றாள் ஹெய்னி.

“நீதான்.”

“நல்ல வார்த்தை. போன மாசம் எங்க வீட்டுக்காரரும் இதையேதான் சொன்னாரு, பழைய சோபாவப் பத்தி.”

“ஹெய்னி…”

“தகவல் தொடர்புத் துறைக்குப் போனா டிரவுட்டையெல்லாம் சிரிக்கச் சொல்லி போட்டோ எடுப்பாங்க. பரவால்ல. பழகிக்குவோம்.” கணினியைப் பார்த்தபடியே சொன்னாள். “அந்தப் பொண்ணு கட்டுரைய நிறுத்தினா இந்த ஆறாவது பொருள் காணாமப் போயிடுமா?”

“போயிடும்னு நெனக்கறேன்.”

“நீ நிறுத்தப் போறியா?”

“தெரியல. உன் வேலை…”

“என்னைக் காரணமா வெச்சுக்காத, அம்மா. நிறுத்தணும்னா உனக்குச் சொந்தமா ஒரு காரணம் தேடிக்கோ. என் தலையில கட்டாத.”

அவள் வயதுக்கு என்னை அம்மா என்று கூப்பிட வேண்டியதில்லை. கோபம் வந்தால் கூப்பிடுவாள்.

அன்று மாலை ஓஸ்மோ போனில் கூப்பிட்டான். குரல் கனிவாக இருந்தது.

“அழைப்பப் பாத்திருப்ப.”

“பாத்தேன்.”

“அது வெறும் முன்மொழிவு. நீ எழுந்து ஒரு எதிர் முன்மொழிவு வெப்ப. யாராவது வழிமொழிவாங்க. ரெண்டு கட்சி ஆயிடும். நான் உடனே ஒரு சின்னக் குழு போட்டு ஆராயலாம்னு சொல்வேன். குழு இலையுதிர் காலம் வரைக்கும் உக்காரும். எல்லாருக்கும் சூடு தணிஞ்சிடும்.”

“கட்டுரையும் அதுவரைக்கும் உக்காந்திருக்கணும்.”

“அத நீதான் சொல்ற.”

“நீ சொல்லலையா?”

“நான் எதுவுமே சொல்லல, ஹில்க்கா. வில்யாவுக்கு ஏத்துக்கிட்டோம்னு ஒரு கடிதம் கொடு. அவ பட்டத்துக்கு அது போதும். யாருக்கு நஷ்டம்?”

“நீ கட்டுரையப் படிச்சியா?”

மறுமுனையில் தட்டு கழுவும் சத்தம் கேட்டது. தண்ணீர் நின்றது.

“இல்ல.”

“உன் மின்னஞ்சல்ல இலையுதிர் காலத்துலேர்ந்து கெடக்கு. அவளே அனுப்பியிருக்கா.”

“தெரியும். படிச்சா, படிச்சவன் ஆயிடுவேன்.”

போனை வைத்துவிட்டுக் ரை தானிய ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சாப்பிட்டேன். நின்றபடியே.

கூட்டத்துக்கு முன் இருந்த வாரத்தில் குழுவிலிருந்த எல்லோரும் தனித்தனியாக என் பக்கம் வந்தார்கள். நானாக யாரிடமும் போகவில்லை.

நூலகத் தலைவர் கௌக்கோ மாடிப்படியில் நிறுத்தினார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது சரியில்ல. ஒரு இதழ விளம்பரத்துறைக்குக் கீழ கொண்டு போறதா? நான் உங்க பக்கம். கூட்டத்துல பாருங்க.”

வனவியல் பேராசிரியர் இர்மெலியை நீச்சல்குளத்தின் சௌனாவில், நீராவிக் குளியல் அறையில், பார்த்தேன். மேல்தட்டில் உட்கார்ந்திருந்தாள். கல்லில் தண்ணீர் ஊற்றினாள். ஆவி அடங்கும்வரை இருவரும் தலை குனிந்திருந்தோம்.

“ஓஸ்மோவுக்கு என்ன ஆச்சு?” என்றாள்.

“இருக்கை வேணும்.”

“எல்லாருக்கும்தான் இருக்கை வேணும். அதுக்காக? கவலப்படாத. நீ வெக்கறத நான் பாத்துக்கறேன்.”

தகவல் தொடர்பு இயக்குநர் யான்னேகூட வந்தான். பார்க்கிங்கில் என் கார் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். தன் சுரண்டியை எடுத்து மறுபக்கம் சுரண்டிக் கொடுத்தான்.

“சத்தியமா சொல்றேன், எனக்கு அந்த இதழே வேணாம். அதுல இருக்கற வரைபடத்தப் பாத்தா எனக்குத் தலைசுத்துது.”

“கூட்டத்துல சொல்லு.”

“சொல்றேன். அதாவது, யாராவது சொன்னா நான் எதிர்க்க மாட்டேன்.”

வீட்டுக்குப் போகும்போது கணக்குப் போட்டேன். குழுவில் என்னையும் சேர்த்து ஐந்து பேர். ஓஸ்மோவைத் தவிர எல்லோரும் என் பக்கம். ஏன், ஓஸ்மோவும் என் எதிர் முன்மொழிவுக்காகத்தான் காத்திருந்தான். அவனுக்கு அது வேண்டும், பேரம் பேச. எனக்கு அன்று அசதியாக இருந்தது. ஜெயிக்கப் போகிறவளுக்கு வருகிற அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டம் மூன்றாம் மாடிச் சிற்றறையில். காபி, ஏலக்காய் பன். ஓஸ்மோ மரச் சுத்தியலைத் தன் முன் வைத்திருந்தான். கூட்டம் முறைப்படி கூட்டப்பட்டது, தட்டு. போன கூட்டத்தின் குறிப்பு ஏற்கப்பட்டது, தட்டு. வசந்த இதழின் உள்ளடக்கம் தகவலுக்காக, ஓஸ்மோ என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன், தட்டு. அடுத்து இரண்டு சின்ன விஷயங்கள். தட்டு, தட்டு. ஆறாவது பொருளை அவனே வாசித்தான். காரணமும் சொன்னான்: செலவு, நிர்வாகச் சுலபம். சரளமாகப் பேசினான், விட்டுக்கொடுக்கப்போகிற பொருளைப் பற்றிப் பேசுகிறவன்போல.

“ஆசிரியர் ஏதாவது சொல்ல விரும்பறாரா?”

எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தே வாசித்தேன். சுவந்தோ இப்போது இருக்கிறபடியே இருக்க வேண்டும். ஆசிரியரை இந்தக் குழுவே நியமிக்க வேண்டும். உள்ளே வருவதை ஆசிரியர் தீர்மானிக்க வேண்டும். மூன்று வாக்கியம்.

“நன்றி,” என்றான் ஓஸ்மோ. “இதை வழிமொழிபவர்?”

யாரும் பேசவில்லை.

முதலில் அது சாதாரண அமைதியாகத்தான் இருந்தது. எங்கள் ஊரில் கேள்வி கேட்டால் உடனே பதில் வராது; உடனே வந்தால் யோசிக்காமல் சொல்கிறார் என்று அர்த்தம். கௌக்கோ இர்மெலியின் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இர்மெலி காபிக் குடுவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யான்னே தன் பன்னில் இருந்த சர்க்கரைக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

வழிமொழியப்படாத எதிர் முன்மொழிவு தானாக விழுந்துவிடும். அதன்மேல் ஓட்டெடுப்பு கிடையாது. இது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

ஓஸ்மோ தண்ணீர் குடித்தான். “யாராவது?” என்று மறுபடி கேட்டான். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. தலைவர் இரண்டாவது தடவை கேட்ட பிறகு பேசினால், தலைவர் தள்ளிவிட்டதால் பேசியதாக ஆகிவிடும். மூன்று பேரும் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டார்கள்.

ஓஸ்மோ என்னைப் பார்த்தான். நான் என்ன செய்ய முடியும்? சொந்த முன்மொழிவை நானே வழிமொழிய முடியாது. தலைவரும் முடியாது. அவன் சுத்தியலைக் கையில் எடுத்தான், வைத்தான், எடுத்தான்.

“எதிர் முன்மொழிவு வழிமொழியப்படாததால் தள்ளுபடி,” என்றான். தட்டினான். “தலைவரின் முன்மொழிவு கூட்டத்தின் முடிவாகிறது.” இந்தத் தட்டு சரியாகக் கேட்கக்கூட இல்லை.

பிறகு ஏழாவது பொருளுக்குப் போனோம். அது அலமாரி பற்றியது.

கோட் மாட்டும் இடத்தில் மூன்று பேரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள்.

“இர்மெலி பேசுவாங்கன்னு பாத்தேன்,” என்றார் கௌக்கோ. “பேராசிரியர் இருக்கும்போது நூலகக்காரன் முந்திக்கறதா?”

“நீங்கதான் வாயத் தொறந்தீங்க!” என்றாள் இர்மெலி. “சரி, இவர் சொல்லப்போறாருன்னு நான் சும்மா இருந்தேன். பாத்தா கொட்டாவி!”

“கொட்டாவி இல்ல. மூச்சு விட்டேன்.”

“என் கைக்கு வர்ற பொருள வேணாம்னு நானே எப்படிச் சொல்றது?” என்றான் யான்னே. “கொடுக்கறவர் மொகத்துல அடிக்கற மாதிரி இருக்காதா?”

“வேற ரெண்டு பேர் இருந்தாங்கல்ல…” என்று ஆரம்பித்த கௌக்கோ, நிறுத்திவிட்டுத் தன் பூட்ஸைத் தேடினார்.

நான் யாரையும் திட்டவில்லை. திட்டினால் அவர்கள் இன்னும் நேரம் நின்று மன்னிப்புக் கேட்டிருப்பார்கள்.

அறைக்குத் திரும்பி என் பையை எடுக்கப் போனபோது ஓஸ்மோ அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

“ஏன் ஒருத்தரும் பேசல?” என்றான்.

“உன் கூட்டம். நீ சொல்லு.”

“நான் இது நிறைவேறும்னு நெனக்கவே இல்ல.”

“எனக்குத் தெரியும்.”

“அடுத்த வருஷக் கூட்டத்துல மறுபடி எடுக்கலாம். அதுக்கு முன்னாடி முடியாது. நிர்வாகத்துக்கு அறிக்கை போயிடும்.”

“அடுத்த வருஷம் இதழ் யான்னேகிட்ட இருக்கும். அவன் திருப்பித் தரணும். தர்றதுக்கு யாராவது வழிமொழியணும்.”

அவன் சிரிக்க முயன்றான்.

“டிசம்பர் வரைக்கும் ஆசிரியர் நான்தானே?” என்று கேட்டேன்.

“ஆமா.”

“அப்ப கட்டுரை வருது.”

அவன் சுத்தியலைப் பெட்டிக்குள் வைத்தான். என்னைப் பயமுறுத்த அவனிடம் இருந்தது அந்த ஆறாவது பொருள் ஒன்றுதான், அதையும் சற்று முன்தான் செலவழித்துவிட்டான். அவனுக்கே அது புரிந்தது. எனக்குச் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஹெய்னியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேன்.

ஹெய்னி ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தாள். “பக்கம் முடிச்சிட்டேன்,” என்றாள். “திங்கட்கிழமை அச்சகத்துக்கு அனுப்பணும். நீ ஒரு தடவ பாத்துடு.”

வெள்ளிக்கிழமை மதியம் ஓஸ்மோ என் அறைக்கு வந்தான். கையில் தாள்கள். வில்யாவின் கட்டுரை. ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு.

“படிச்சிட்டியா?” என்றேன்.

“அஞ்சாவது தொட்டி,” என்றான். உட்காரவில்லை. “அந்தத் தொட்டியோட ஆழம் ஒரு மீட்டர் பத்து சென்டின்னு போட்டிருக்கா. அது என் வரைபடத்துல இருக்கற அளவு.”

“அதனால?”

“அப்படிக் கட்டல. தோண்டும்போது பாறை வந்துடுச்சு. வெடி வெச்சு உடைக்கணும்னா செலவு, நாளும் போகும்னாங்க. ஆழம் கொறைஞ்சா பரவால்லயான்னு போன்ல கேட்டாங்க.”

“யார்கிட்ட?”

“என்கிட்ட.” தாள்களை என் மேசையில் வைத்தான். “சரின்னேன். கொஞ்சம்தான் கொறையும்னு நெனச்சேன். போய்ப் பாக்கல. மீன் ஏன் அங்க திரும்புதுன்னு அவளுக்குத் தெரியல, எழுதியும் இருக்கா, காரணம் தெரியலன்னு. அங்க மீன் நின்னு மூச்சு வாங்க ஆழம் இல்ல. அதான்.”

நான் தாள்களைப் பார்த்தேன். அவன் கையெழுத்து மாணவனாக இருந்த காலத்தில் இருந்ததுபோலவே சின்னதாக இருந்தது.

“இதச் சரிபாக்காம அச்சுக்கு அனுப்ப முடியாது,” என்றேன்.

“முடியாது.”

“சரிபாக்க நாளாகும். வசந்த இதழ் தவறிடும்.”

“தவறலாம்.”

“நீ முதல்ல கேட்டதும் அதான்.”

“ஆமா,” என்றான். “யோசிச்சுப் பாத்தேன். எனக்கே தெரியல, ஹில்க்கா. நான் இதச் சொல்ல வந்தது அதுக்கா, இதுக்கான்னு. ஆனா அந்த அளவு தப்பு.”

பிழை பிழைதான். யார் கொண்டுவந்தார் என்பதால் அது சரியாகிவிடாது. அவன் எதிரிலேயே வில்யாவுக்குப் போன் செய்தேன்.

“அஞ்சாவது தொட்டியோட ஆழத்த நீயே அளந்தியா?”

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, “இல்ல. வரைபடத்துலேர்ந்து எடுத்தேன். கோடைல தண்ணி ஓடிட்டு இருந்துச்சு, எறங்கக் கூடாதுன்னுட்டாங்க. ஏன், தப்பா?”

“இப்ப ஏணில தண்ணி இருக்காதே?”

“குளிர்காலத்துல அடைச்சிருப்பாங்க. ஆனா கேட்டப் பூட்டியிருப்பாங்க. மின் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டா ரெண்டு வாரம் ஆகும்.”

ஓஸ்மோ தன் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு சாவிக்கொத்தை எடுத்தான். அதிலிருந்து ஒரு சாவியைப் பிரித்து மேசைமேல் வைத்தான்.

“வடிவமைச்சவனுக்கு ஒண்ணு கொடுத்தாங்க,” என்றான். “யாரும் திருப்பிக் கேக்கல.”

சனிக்கிழமை அவன் காரிலேயே போனோம். வில்யா பின் இருக்கையில், மடியில் ரப்பர் பூட்ஸும் அளவுகோலும். கடப்பாரை டிக்கியில் உருண்டு உருண்டு சத்தம் போட்டது. வழியில் ஒருமுறைதான் பேச்சு வந்தது.

“நீங்க ஏன் வர்றீங்கன்னு கேக்கலாமா?” என்றாள் வில்யா, ஓஸ்மோவிடம்.

“கேக்கலாம்,” என்றான் ஓஸ்மோ. சாலையைப் பார்த்தபடி ஓட்டினான்.

அணையில் யாரும் இல்லை. ஏணி வறண்டு கிடந்தது. தொட்டிகளின் அடியில் அழுக்குப் பனிக்கட்டி. ஓஸ்மோ கேட்டைத் திறந்துவிட்டுத் தானே இறங்கப் போனான். ஒரு கால் இரும்பு ஏணிப்படியில்.

“நீ எறங்காத,” என்றேன்.

“வழுக்கும். அவளுக்குப் பழக்கமில்ல.”

“நீ அளந்தா அது மின் நிறுவனத்தோட அளவுன்னுவாங்க. இல்லன்னா டீனோட அளவுன்னுவாங்க. மேல வா.”

“அப்ப நீ எறங்கு.”

“நானும் எறங்கக் கூடாது. அவ கட்டுரை. அவ அளக்கட்டும்.”

அவன் காலை எடுத்துக்கொண்டான். வில்யா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கடப்பாரையை முதலில் கீழே போட்டாள், பின்னாலேயே இறங்கினாள். பனிக்கட்டி உடையும் சத்தம் சிமெண்ட் சுவரில் எதிரொலித்தது. நாங்கள் கம்பிப் பிடியில் சாய்ந்து நின்றோம். நான் பிளாஸ்க்கைத் திறந்து காபி குடித்தேன். அவனிடம் நீட்டினேன். அவனும் குடித்தான்.

“ஜனவரில என்ன பண்ணுவ?” என்றான்.

“தூங்குவேன்.”

“உனக்குத் தூக்கம் வராது.”

“பழகிக்குவேன். ஹெய்னிக்கு ஏதாவது வழி பண்ணு.”

“பாக்கறேன்.”

“பாக்கறேன்னா?”

“பண்றேன். நூலகத்துல கேக்கறேன். கௌக்கோ இப்ப என்ன கேட்டாலும் சரிம்பார்.”

கீழிருந்து வில்யா கத்தினாள்: “அம்பத்தெட்டு!”

“எங்க வெச்சு அளந்த?” ஓஸ்மோ குனிந்தான். “சுவர் ஓரமா? ஓரத்துல வண்டல் நிக்கும். நடுவுல உடைச்சு அள.”

மறுபடி கடப்பாரைச் சத்தம். நேரமெடுத்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது.

“அறுபத்தி ஒண்ணு.”

“அடி சிமெண்ட்தானா? தட்டிப் பாரு.”

தட்டினாள். “சிமெண்ட்தான்.”

“இன்னொரு தடவ.”

“அதே அறுபத்தி ஒண்ணு!”

வரைபடத்தில் இருந்ததில் பாதியைவிடக் கொஞ்சம்தான் கூட. ஓஸ்மோ நிமிர்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான். கையுறை போடவில்லை.

“ஒரு பத்திதான் மாத்தணும்,” என்றேன். “திங்கட்கிழமைக்குள்ள முடிச்சிடலாம். மதிப்பீட்டாளர் ரெண்டு பேருக்கும் இன்னிக்கே எழுதிக் கேக்கறேன்.”

“அப்ப வசந்த இதழ்லயே வரும்.”

“வரும்.”

“மே மாசம் என்னைக் கூப்புட்டுக் கேப்பாங்க. போன்ல யார் சரின்னதுன்னு.”

“கேப்பாங்க.”

அவன் ஆற்றின் பக்கம் திரும்பினான். நடுவில் பனி விலகிக் கருப்பாகத் தண்ணீர் தெரிந்தது. வில்யா கீழே குனிந்து, படத்துக்காக அளவுகோலை நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்தது என்று கடப்பாரையைத் தூக்கினாள்.

“வில்யா,” என்றான் ஓஸ்மோ.

“என்ன?”

“மேல வந்துடாத. அடுத்த தொட்டிக்குப் போ.”

“ஆறாவதா? அங்க மீனே போகலையே. அத எதுக்கு அளக்கணும்?”

“பாறை அஞ்சாவதோட நின்னிருக்குமா?” என்ற ஓஸ்மோ, கம்பிப் பிடியைப் பிடித்தபடி மேற்பக்கம் நடக்க ஆரம்பித்தான். வில்யா என்னைப் பார்த்தாள்.

“போய் அள,” என்றேன்.